குழந்தைக்குச் சளி, மூச்சிரைப்பு: வீட்டில் எண்ணுவது முதல் வார்டிலிருந்து வீடு திரும்புவது வரை

மழை பிடித்துவிட்டால் எந்தக் குழந்தைகள் ஓபியிலும் உட்கார இடம் கிடைக்காது. மூக்கொழுகல், இருமல், காய்ச்சல், "நெஞ்செல்லாம் கர்கர்னு சத்தம் கேக்குது டாக்டர்" என்ற புகார். வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு மருந்தே இல்லாமலும் சரியாகிவிடும். ஒரு சிலருக்கு அன்று இரவே ஆக்சிஜன் தேவைப்படும். இவர்களை அவர்களிடமிருந்து பிரித்துப் பார்ப்பது எப்படி என்பது இந்த வழிகாட்டியில் பாதி. அட்மிட் ஆன பிறகு வார்டில் என்ன நடக்கும், எதைக் கேட்க வேண்டும், எதை வற்புறுத்தக் கூடாது என்பது மீதி. 5 வயதுக்கு உட்பட்டவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன்; கைக்குழந்தைகளுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம்.

முதலில் மூச்சை எண்ணுங்கள்

இருமல் எவ்வளவு சத்தமாக இருக்கிறது, சளி மஞ்சளா பச்சையா, காய்ச்சல் 101-ஆ 103-ஆ என்பதை வைத்து நோயின் தீவிரத்தைச் சொல்ல முடியாது. மூச்சு சொல்லும். அதை எண்ண ஸ்டெதாஸ்கோப் வேண்டாம், செல்போனில் ஒரு டைமர் போதும்.

குழந்தை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும் நேரம் பாருங்கள். தூங்கும்போது பார்ப்பது இன்னும் நல்லது. அம்மா மடியிலேயே இருக்கட்டும். சட்டையை மார்புக்கு மேல் தூக்கிவிட்டு, வயிறும் நெஞ்சும் சேரும் இடத்தில் கண்ணை வையுங்கள். ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது கைக்குழந்தைகளிடம் செல்லாது. அவர்கள் வேகமாக நாலு மூச்சு விட்டுவிட்டு, சில விநாடி நிறுத்தி, மறுபடி தொடங்குவார்கள். அது இயல்புதான். எண்ணிக்கை அதிகமாக வந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள். காய்ச்சலும் மூச்சை வேகமாக்கும் என்பதால், காய்ச்சல் இறங்கிய பிறகு மறுபடி எண்ணிப் பார்ப்பது நல்லது.

உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லைக்கோடு இது:

- 2 மாதத்துக்குள்: நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல்
- 2 மாதம் முதல் ஒரு வயது வரை: 50 அல்லது அதற்கு மேல்
- 1 வயது முதல் 5 வயது வரை: 40 அல்லது அதற்கு மேல்

இந்த எண்களைத் தொட்டால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எண்ணும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி வெளியே விரிய வேண்டும். அதற்குப் பதிலாக விலாவின் கீழ்ப்பக்கம் உள்ளே குழிந்தால், நுரையீரலுக்குக் காற்று போகக் குழந்தை பாடுபடுகிறது என்று பொருள். "விலா ஒட்டுது" என்று பாட்டிமார் சொல்வது இதைத்தான்; அவர்கள் கண் பெரும்பாலும் தப்பாது. மூக்குத்துவாரம் விரிந்து சுருங்குவது, மூச்சு விடும்போதெல்லாம் முனகுவது, தலை மேலும் கீழும் ஆடுவது ஆகியவையும் இதே கணக்கில் சேரும்.

கர்கர் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் சளிதான் பெரும்பாலும் அந்தச் சத்தத்தைப் போடுகிறது. முதுகில் கை வைத்தால் அதிர்வு தெரியும், அம்மாவுக்குப் பயம் வரும். ஆனால் சிரித்துக்கொண்டு, பால் குடித்துக்கொண்டு, நிதானமாக மூச்சு விடும் குழந்தை எவ்வளவு கர்கர் என்றாலும் அவசரமில்லை.

எப்போது காத்திருக்கவே கூடாது

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்புங்கள்: பால் குடிக்கவோ தண்ணீர் குடிக்கவோ முடியவில்லை, குடித்ததை எல்லாம் வாந்தி எடுக்கிறது, வலிப்பு வந்தது, எழுப்பினாலும் துவண்டு கிடக்கிறது, உதடோ நாக்கோ நீலம் பாய்ந்திருக்கிறது, அழாமல் சும்மா இருக்கும்போதே மூச்சை உள்ளிழுக்கையில் கீச்சென்ற கரகரச் சத்தம் வருகிறது, மேலே சொன்ன சில விநாடி இடைவெளியைவிட நீண்ட நேரம் மூச்சு நின்று நின்று வருகிறது.

2 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு விதி வேறு. காய்ச்சல் இருந்தாலே, அல்லது உடம்பு சில்லிட்டுப் போயிருந்தாலே, வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு. குறைமாதத்தில் பிறந்தவர்கள், பிறவி இதய நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கும் சீக்கிரமே கிளம்புவதுதான் பாதுகாப்பு.

எல்லாவற்றையும் விடப் பெற்றோரை ஏமாற்றும் அறிகுறி ஒன்று உண்டு. இரவெல்லாம் மூச்சிரைத்து அழுதுகொண்டிருந்த குழந்தை விடியற்காலையில் சத்தம் அடங்கிக் கிடக்கும். "அப்பாடா, தூங்கிட்டான்" என்று வீட்டில் நிம்மதியாகிவிடுவார்கள். நிஜமாகவே தேறிய குழந்தையை எழுப்பினால் கண் விழிக்கும், பாலைத் தேடும், மூச்சின் எண்ணிக்கை இறங்கியிருக்கும். களைத்துப்போன குழந்தை எழாது, நிறம் வெளுத்திருக்கும், விலா மட்டும் இன்னும் குழிந்துகொண்டிருக்கும். இரண்டாவது வகை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் இருக்கும்.

வண்டியில் போகும்போது குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்தபடி பிடித்துக்கொள்ளுங்கள். பைக்கில் போக நேர்ந்தால் காற்று படாமல் இருக்கட்டும் என்று முகத்தைத் துண்டால் மூடுகிறார்கள். மூச்சுக்குத் தவிக்கும் பிள்ளைக்கு அதைச் செய்யாதீர்கள். தடுப்பூசி அட்டை, இதுவரை கொடுத்த மருந்து பாட்டில்கள், கடைசியாகப் பார்த்த எடை ஆகியவை கையில் இருந்தால் டாக்டருக்கு வேலை பாதி குறையும்.

வீட்டில் பார்க்கலாம் என்றால்

மூச்சு சரியாக இருக்கிறது, பால் குடிக்கிறது, சிறுநீர் போகிறது. சரி, வீட்டிலேயே பார்க்கலாம். செய்ய வேண்டியது கொஞ்சம்தான்.

மூக்கடைப்புக்கு மெடிக்கலில் கிடைக்கும் உப்புநீர் சொட்டு, பால் கொடுப்பதற்குச் சற்று முன் இரண்டிரண்டு துளி. ஆறு மாதம் வரை குழந்தைகளுக்கு வாயால் மூச்சு விடுவது எளிதல்ல, அதனால் மூக்கு அடைத்தாலே பால் குடிப்பது நின்றுவிடும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், அம்மாவுக்கே சளி என்றாலும். அம்மா மாஸ்க் போட்டுக்கொண்டு, கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுக் கொடுத்தால் போதும். ஒரே மூச்சில் குடிக்க முடியாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை. ஒரு வயதைத் தாண்டியவருக்கு இரவில் அரை ஸ்பூன் தேன் இருமலைத் தணிக்கும். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவக்கூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி கைக்குழந்தையின் குடலில் நச்சை உண்டாக்கி உடம்பைத் தளரச் செய்துவிடும்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால். இதில் நடக்கும் குழப்பத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அளவு வயதுக்கு அல்ல, எடைக்கு: ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு அதிகபட்சம் 15 மில்லிகிராம். 8 கிலோ குழந்தைக்கு 120 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் சிரப்பில் 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. சொட்டு மருந்து என்றால் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம். அதாவது அதே 8 கிலோ குழந்தைக்கு முதல் வகையில் 5 மில்லி, இரண்டாவதில் 2.4 மில்லி, சொட்டில் 1.2 மில்லி. "போன தடவை 5 மில்லி கொடுத்தோமே" என்று சொட்டு மருந்தில் 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போகும். பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, அதனுடன் வரும் அளவுக் குழாயில் மட்டும் எடுங்கள். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 வேளைக்கு மேல் வேண்டாம். 3 மாதத்துக்குள் டாக்டர் சொல்லாமல் தரவே வேண்டாம். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கிடையாது. டெங்கு பரவும் காலத்தில் இபுபுரூஃபன், மெஃபனமிக் அமிலம் இரண்டையும் தவிருங்கள், ரத்தக்கசிவைக் கூட்டும்.

வீட்டில் செய்யக் கூடாதவை

இந்தப் பட்டியலைச் சொன்னால் வீட்டுப் பெரியவர்களுக்குக் கோபம் வரும். இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மூக்கிலோ தொண்டையிலோ எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விட்டால் இருமி வெளியே தள்ள முடியாது. அதனாலேயே ஒரு வகை நிமோனியா வரும், ஆன்டிபயாடிக் அதற்குக் கேட்காது. கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பதும் வேண்டாம். கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே ஏறும், கைக்குழந்தைக்கு வலிப்பைக் கொண்டுவரும். காய்ச்சல் இல்லாமல் முதல்முறை வலிப்பு என்று வரும் குழந்தையின் பெற்றோரிடம் "கற்பூரம் தேச்சீங்களா?" என்று டாக்டர்கள் கேட்பது அதனால்தான். குளிப்பாட்டிய பிறகு சாம்பிராணிப் புகை காட்டுவது, கொசுவர்த்தி, வீட்டுக்குள் சிகரெட் எல்லாமே ஏற்கெனவே வீங்கியிருக்கும் சுவாசக் குழாய்க்கு இன்னொரு சுமை. பாத்திரத்தில் வெந்நீர் வைத்து ஆவி பிடிப்பதால் சளி குறைகிறதோ இல்லையோ, வெந்நீர் கொட்டித் தொடை வெந்து வரும் பிள்ளைகள் உண்டு. தொக்கம் எடுக்கிறேன், மூக்கை ஊதுகிறேன் என்று யார் வந்தாலும் அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் இருமல் சிரப். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் குழந்தைகளுக்குச் சிறுநீரகம் பழுதடைந்து பல உயிர்கள் போனது நினைவிருக்கும். காரணமான சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அந்தத் தொகுப்பில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் நச்சு அது. அதன் பிறகு மத்திய சுகாதாரத் துறை, 2 வயதுக்குள் இருமல், சளி மருந்து எழுதவே வேண்டாம், 5 வயது வரை பொதுவாகத் தேவையில்லை என்று சொல்லியது. கலப்படமே இல்லாத சிரப்பாலும் சின்னக் குழந்தையின் சளி ஒரு நாள் முன்னதாகக் குறையப் போவதில்லை என்பதுதான் என் கருத்து. மருந்தே எழுதாமல் அனுப்பும் டாக்டரை "ஒன்னும் தெரியாதவர்" என்று பேசாதீர்கள்.

ஆஸ்பத்திரி வாசலில்

அவசரப் பிரிவில் முதலில் எடை, பிறகு விரலிலோ பாதத்திலோ ஒரு சின்ன சென்சார். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அது காட்டும். பெரியவர்கள் மாட்டும் கிளிப்பை வீட்டில் கைக்குழந்தை விரலில் மாட்டி 85 என்று பார்த்துப் பதறுபவர்கள் நிறைய; குழந்தைக்குச் சுற்றி ஒட்டும் தனி சென்சார் உண்டு, கால் ஆடினால் அதுவும் தப்பாகக் காட்டும். உங்களுக்குப் பின்னால் வந்தவரை முன்னால் கூப்பிட்டால் சண்டை போட வேண்டாம். அங்கே வரிசை வந்த நேரத்தை வைத்து அல்ல, மூச்சை வைத்து.

டாக்டரிடம் சொல்ல வேண்டியவை: எத்தனை நாளாக, கடைசி 24 மணி நேரத்தில் வழக்கமாகக் குடிப்பதில் எவ்வளவு குடித்தது, கடைசியாக எப்போது சிறுநீர் போனது, வீட்டில் யாருக்கு இருமல், என்னென்ன மருந்து கொடுத்தீர்கள். வழக்கத்தில் பாதிக்கும் குறைவாகக் குடித்தால் அட்மிட் செய்ய அதுவே ஒரு காரணம். வேர்க்கடலையோ பட்டாணியோ வாயில் போட்டுக்கொண்டிருந்தபோது திடீரென இருமல் தொடங்கியது என்றால் அதைத் தவறாமல் சொல்லுங்கள், நாலு நாள் ஆகியிருந்தாலும். சுவாசக் குழாயில் சிக்கிய கடலை, வீசிங் மாதிரியே வேஷம் போடும்.

என்ன நோய் என்பதைப் பொறுத்துத்தான் சிகிச்சை

ஒரே மாதிரி இருமுகிற மூன்று குழந்தைகளுக்கு மூன்று விதமான சிகிச்சை நடக்கலாம். பக்கத்துக் கட்டிலைப் பார்த்து ஒப்பிடுவதில் பயனில்லை.

2 வயதுக்குள், முக்கியமாக ஆறேழு மாதத்துக்குள், அதிகம் வருவது பிராங்கியோலைட்டிஸ். நுரையீரலின் மிகச் சிறிய காற்றுக் குழாய்கள் வைரஸால் வீங்கி, சளியால் அடைபடுவது. ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ்தான் பெரும்பாலும் காரணம். முதல் இரண்டு மூன்று நாள் சாதாரணச் சளி போல இருக்கும். 3 முதல் 5-ஆம் நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். பிறகு மெல்ல இறங்கும். இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருந்தால், இரண்டாம் நாள் அட்மிட் ஆன குழந்தை நாலாம் நாள் மோசமாகும்போது "இங்கே சரியில்லை, வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று ஓட மாட்டீர்கள். இதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, ஸ்டீராய்டு வேலை செய்யாது, மருந்தைப் புகை போலாக்கி மூச்சோடு இழுக்க வைக்கும் நெபுலைசரில், காற்றுக் குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் வைப்பதாலும் பெரும்பாலும் பலனில்லை. ஆக்சிஜன், பால், மூக்கைச் சுத்தம் செய்வது, காத்திருப்பது. அவ்வளவுதான் சிகிச்சை. தனியார் மருத்துவமனை பில்லில் இதற்கு மேல் நிறைய இருந்தால் ஏன் என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை.

பாக்டீரியா நிமோனியா என்றால் ஆன்டிபயாடிக் உயிர் காக்கும். வேகமான மூச்சும் விலா குழிவும் மட்டும் இருந்து, வேறு ஆபத்து அறிகுறி இல்லாவிட்டால், வாய்வழி அமாக்ஸிசிலின் கொடுத்து வீட்டிலேயே பார்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-இல் விதியை மாற்றியது. தீவிரமானால் ஊசி. எக்ஸ்ரே எடுத்தாலும் வைரஸா பாக்டீரியாவா என்று அது உறுதியாகச் சொல்லாது, அதனால் எல்லோருக்கும் எக்ஸ்ரே தேவையில்லை.

நடுராத்திரி நாய் குரைப்பது போன்ற இருமலும் மூச்சை உள்ளிழுக்கையில் கரகரச் சத்தமும் வந்தால் அது குரூப், அதாவது குரல்வளையும் அதை ஒட்டிய மூச்சுக்குழாயும் வீங்குவது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை ஒரே ஒரு வேளை கொடுத்தாலே பெரும்பாலான பிள்ளைகள் சில மணி நேரத்தில் தெளிவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முக்கியமானது குழந்தையை அழவிடாமல் இருப்பது; அழுதால் அடைப்பு கூடும். டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்க்கிறேன் என்று வாயைத் திறக்க வைக்காதீர்கள்.

கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு அடிக்கடி வீசிங் வந்தால் ஆஸ்துமா பக்கம் போக வேண்டும். அங்கே நெபுலைசரும் ஸ்டீராய்டும் நன்றாகவே வேலை செய்யும். ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவை வைத்து இன்ஹேலர் கொடுப்பது நெபுலைசருக்குக் குறைந்ததில்லை. "பம்ப் பழகிடும்" என்ற பயத்தை விட்டுவிடுங்கள்.

வார்டில்

ஆக்சிஜன் பெரும்பாலும் மூக்கில் மாட்டும் இரட்டைக் குழாய் வழியாக. கைக்குழந்தைக்கு நிமிடத்துக்கு 1 முதல் 2 லிட்டர். "ஆக்சிஜன் வெச்சுட்டாங்க" என்றதும் வீட்டில் அழுகை தொடங்கிவிடும். ஆக்சிஜன் கடைசி கட்டம் இல்லை, முதல் மருந்து. குழாய் நழுவினால், சளியால் அடைத்தால் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். அளவைத் திருகும் குமிழில் நீங்கள் கை வைக்க வேண்டாம்.

அது போதாவிட்டால் ஆக்சிஜனை இன்னும் வேகமாகச் செலுத்தும் ஹை-ஃப்ளோ, அல்லது பபுள் சிபாப். இரண்டாவதன் தத்துவம் எளிது: குழந்தை வெளிவிடும் காற்றுக் குழாயின் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைப்பார்கள். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு காற்று வெளியேற வேண்டியிருப்பதால் நுரையீரலுக்குள் சிறு அழுத்தம் நின்று, காற்றுப்பைகள் மூடாமல் திறந்திருக்கும். டாக்காவில் டாக்டர் முகம்மது ஜோபாயர் சிஷ்டி இதைக் காலி ஷாம்பூ பாட்டிலை வைத்தே செய்தார். 2015-இல் வெளியான அவரது ஆய்வில், சாதாரண ஆக்சிஜன் வைத்த குழந்தைகளில் 15 சதவீதமும் பபுள் சிபாப் வைத்தவர்களில் 4 சதவீதமும் இறந்தார்கள். பின்னர் மலாவியில் ஒரு மாவட்ட மருத்துவமனையில், அந்த அளவு டாக்டர் கண்காணிப்பு இல்லாத சூழலில், ஏற்கெனவே நலிந்த குழந்தைகளிடம் சோதித்தபோது பலன் கிடைக்கவில்லை, இறப்பு கூடியது. ஆகவே "எந்த மெஷின் இருக்கு?" என்று கேட்பதோடு "ராத்திரி இந்த வார்டைப் பார்த்துக்கொள்ள எத்தனை சிஸ்டர், டூட்டி டாக்டர் எங்கே இருப்பார்?" என்றும் கேளுங்கள்.

ட்ரிப்ஸ் ஏற்றினால்தான் தெம்பு வரும் என்ற நம்பிக்கை வலுவானது. குழந்தை குடிக்கிறது என்றால் தாய்ப்பாலைவிட நல்ல ட்ரிப்ஸ் கிடையாது. நுரையீரல் தொற்றில் உடம்பு தண்ணீரைத் தேக்கி வைக்கும். தேவைக்கு மேல் ஏற்றினால் மூச்சு மோசமாகும். மூச்சு மிக வேகமாக இருந்தால் வாய்வழி கொடுக்கையில் புரையேறும், அப்போது மூக்கு வழியாக வயிற்றுக்குச் சின்ன டியூப் போட்டுத் தாய்ப்பாலையே கொடுப்பார்கள். பார்க்கச் சங்கடமாக இருந்தாலும் மறுக்க வேண்டாம்.

தொற்று ஒரு கட்டிலிலிருந்து இன்னொன்றுக்குப் போவது பெரும்பாலும் நம் கையால். ஆர்.எஸ்.வி. கட்டில் கம்பியிலும் பொம்மையிலும் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். பக்கத்துக் குழந்தையைக் கொஞ்சிவிட்டு வந்து உங்கள் குழந்தையைத் தூக்காதீர்கள். பழப்பையோடு படையெடுத்து வரும் உறவினர்களை, முக்கியமாக இருமுகிறவர்களை, வாசலிலேயே நிறுத்துவது அப்பாவின் வேலை.

சளி இல்லாத காய்ச்சல்

மூக்கொழுகல், இருமல் எதுவும் இல்லாமல் இரண்டு மூன்று நாள் கடும் காய்ச்சல் என்றால், மழைக்காலத்தில் டெங்குவை நினைக்க வேண்டும். அங்கே ஆபத்து காய்ச்சல் விட்ட பிறகு தொடங்கும்: வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுதல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சலில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ஸ்பூனோ சாவியோ எதுவும் வைக்காதீர்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில்

ஆக்சிஜன் வைக்காமலே ரத்தத்தில் அதன் அளவு சரியாக நிற்கிறது, விலா குழியவில்லை, வழக்கம்போல ஓரளவுக்குப் பால் குடிக்கிறது. இவை மூன்றும் இருந்தால் வீட்டுக்குப் போகலாம், இருமல் இருந்தாலும். இருமல் மூன்று வாரம் வரை இழுக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயர், எடை, மருந்தின் அளவு, எத்தனை நாள் என்பதெல்லாம் புரியும்படி இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். ஆன்டிபயாடிக் எழுதியிருந்தால் சொன்ன நாள் வரை முடிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோடு காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை தேவை.

விட்டுப்போன தடுப்பூசிகளையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். நிமோனியாவைத் தடுக்கும் பி.சி.வி. தமிழ்நாட்டில் 2021 ஜூலையிலிருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம்: ஆறாவது வாரம், 14-ஆவது வாரம், ஒன்பதாவது மாதம். நிமோனியாவை உண்டாக்கும் இன்னொரு பாக்டீரியாவான ஹிப் கிருமிக்கான பாதுகாப்பு 6, 10, 14-ஆவது வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியிலேயே அடங்கும். தட்டம்மை ஊசி ஒன்பதாவது மாதம். தட்டம்மைக்குப் பின்னால் வரும் நிமோனியா பொல்லாதது. ஃப்ளூ ஊசி அரசு அட்டவணையில் இல்லை; ஆறு மாதத்துக்கு மேல் வருடம் ஒருமுறை போடலாம், முதல் வருடம் மட்டும் நாலு வார இடைவெளியில் இரண்டு. லேசான சளி இருக்கிறது என்று புதன்கிழமை தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, மூக்கொழுகலோடேயே கூட்டிப்போகலாம்.